டெலீட் பண்ணினா போயிடுமா? - பழைய கம்ப்யூட்டர்களின் கதை

போன போகிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

அப்பா ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜாப் டைப்பிங், ஸ்கேனிங், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் உண்டு. கடையில் 2010-ல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் மூலையில் கிடந்தது. எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டது. பொங்கலுக்குச் சுத்தம் செய்யும்போது பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டு 400 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். நான் ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு வந்ததும் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பகீர் என்றது.

"அதுக்குள்ள கஸ்டமர்ஸ் ஃபைல் எல்லாம் இருக்குமேப்பா?"

"எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன்டா. ரீசைக்கிள் பின்னைக்கூட காலி பண்ணிட்டேன். உங்கப்பனுக்கு அது கூடவா தெரியாது?"

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். வாருங்கள்.

பூட்டிய அறைக்குள் இருந்த காலம்

ஹார்ட் டிஸ்க் என்ற பொருள் 1956-ல் வந்தது. ஐ.பி.எம். கம்பெனியின் ராமாக் என்ற இயந்திரத்தோடு வந்த அந்த டிஸ்க், இரண்டு அடி அகலமுள்ள 50 தட்டுகளைக் கொண்டது. கொள்ளளவு சுமார் 5 மெகாபைட். இன்றைக்கு நம் போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோ அதில் ஏறினால் பெரிய விஷயம்! அதை யாரும் விலைக்கு வாங்கி வீட்டில் வைக்கவில்லை. கம்பெனிகள் மாத வாடகைக்கு எடுத்தன. இயந்திரம் பூட்டிய அறைக்குள் இருந்தது. "பழசானதும் யாரிடம் விற்பது?" என்ற கேள்வியே சாதாரண மனிதனுக்கு வரவில்லை.

1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தது. 1983-ல் வந்த அதன் எக்ஸ்.டி. மாடலில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருந்தது. கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்துவிட்டது. மேஜைக்கு வந்த பொருள் ஒரு நாள் பரணுக்குப் போகும், பரணில் இருந்து பழைய சாமான் கடைக்குப் போகும். நம் பிரச்சினை இங்கேதான் ஆரம்பம்.

டெலீட் என்ற பொய்

டாஸ் இயங்குதளத்தில் ஒரு ஃபைலை அழித்தால் என்ன நடக்கும் தெரியுமா? டிஸ்கில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். எந்த ஃபைல் எங்கே ஆரம்பிக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். டெலீட் கொடுத்தால் அந்தப் பட்டியலில் ஃபைல் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு அங்கே ஒரு குறியைப் போடும். கூடவே "இந்த இடம் காலி, யார் வேண்டுமானாலும் எழுதலாம்" என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஃபைலில் இருந்த விஷயம் அப்படியே கிடக்கும், வேறு ஏதாவது அதே இடத்தில் எழுதப்படும் வரை.

புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு, அந்த அத்தியாயத்தையே கிழித்துவிட்டதாக நினைப்பது போல.

ஏன் இப்படிச் செய்தார்கள்? சோம்பேறித்தனம் இல்லை. அந்தக் கால டிஸ்க்குகள் மெதுவானவை. முழு ஃபைலையும் பூஜ்யத்தால் நிரப்பி அழித்தால் நேரம் ஆகும். ஒரு எழுத்தை மாற்றினால் கண் இமைக்கும் நேரம். அதோடு, தெரியாமல் அழித்துவிட்டேன் என்று புலம்புபவர்களுக்கு இது வரப்பிரசாதம். பீட்டர் நார்ட்டன் என்ற புரோகிராமர் 1982-ல் வெளியிட்ட நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பில் அழித்த ஃபைலை மீட்கும் புரோகிராம்தான் ஹீரோ. அந்த முதல் எழுத்தை நீங்கள் சொன்னால் போதும், ஃபைல் திரும்பி வந்துவிடும். நார்ட்டன் பெரிய பணக்காரர் ஆனார்.

பின்னால் விண்டோஸ் வந்து 1995-ல் ரீசைக்கிள் பின் என்று ஒரு கூடையைப் படம் போட்டுக் காட்டியது. கூடையைக் காலி செய்தால் குப்பை போய்விட்டது என்றுதானே நாம் நினைப்போம்? படம் வந்ததே தவிர, உள்ளே நடந்த வேலையின் அடிப்படை மாறவில்லை. அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் திரை பொய் சொல்லியிருக்கிறது.

அழியாததால் நல்லது நடந்த ஒரு கதை

1986 நவம்பர். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவாவின் கான்ட்ரா போராளிகளுக்குத் திருப்பிவிட்ட ஊழல் அமெரிக்காவில் வெடித்துக்கொண்டிருந்தது. வெள்ளை மாளிகையில் இருந்த ஆலிவர் நார்த், ஜான் பாயின்டெக்ஸ்டர் இருவரும் அவசர அவசரமாகத் தங்கள் மின்னஞ்சல்களை அழித்தார்கள். ஆயிரக்கணக்கில். காகிதங்களை அரைக்கும் இயந்திரமும் ஓடியது.

காகிதம் போனது போனதுதான். ஆனால் மின்னஞ்சல்கள் போகவில்லை. கம்ப்யூட்டர் சிஸ்டம் வழக்கம் போல எடுத்து வைத்திருந்த பேக்கப் டேப்புகளில் அவை பத்திரமாக இருந்தன. விசாரணைக் குழு அவற்றை வாசித்தது. 1989 ஜனவரியில் ரீகன் பதவி முடியும் நேரத்தில் அந்த டேப்புகளை அழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, ஒரு ஆராய்ச்சி அமைப்பு நீதிமன்றம் போய்த் தடுத்தது. மின்னஞ்சலும் அரசு ஆவணம்தான் என்று 1993-ல் தீர்ப்பாயிற்று.

ஆக, அழியாமல் இருப்பது எப்போதுமே கெட்டது என்று சொல்ல வரவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் மறைப்பது வேறு, ஒரு சாதாரண மனிதனின் ரகசியம் தெருவுக்கு வருவது வேறு.

தெருவுக்கு வந்த ரகசியங்கள்

1997-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஒரு பெண்மணி 159 டாலருக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். வீட்டில் வைத்து ஆன் செய்து பார்த்தால், அரிசோனாவில் இருந்த ஒரு மருந்துக் கடையின் கணக்கு முழுவதும் உள்ளே இருந்தது. சுமார் 2,000 பேரின் பெயர், விலாசம், அவர்கள் வாங்கிய மருந்துகள். யார் எய்ட்ஸுக்கு மருந்து சாப்பிடுகிறார், யார் மனச்சோர்வுக்குச் சாப்பிடுகிறார் என்று பட்டியல். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அது உங்கள் ஊர் மருந்துக் கடையாக இருந்தால்?

2000-ல் லண்டனில் ஒரு நிதி நிறுவனம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரில் பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னியின் வங்கிக் கணக்கு விவரங்கள் கிடைத்தன. செய்தி உலகம் முழுக்கப் போனது. ஆனாலும் "எங்கேயோ ஒன்று இரண்டு இப்படி நடக்கும்" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இரண்டு மாணவர்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

158 டிஸ்க்குகள்

சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் எம்.ஐ.டி. ஆராய்ச்சி மாணவர்கள். (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. :-)) கார்ஃபிங்கல் 1998-ல் ஒரு கடையில் பத்து பழைய கம்ப்யூட்டர்கள் வாங்கினார். திறந்து பார்த்தால் பழைய சொந்தக்காரர்களின் சரக்கு அப்படியே இருந்தது. ஒன்று ஒரு வக்கீல் அலுவலகத்தின் சர்வர். இன்னொன்றில் மனநல சேவை செய்யும் ஒரு அமைப்பின் தகவல்கள்.

நம்மில் பலர் அங்கேயே "அடப்பாவமே" என்று சொல்லி ஃபார்மேட் போட்டிருப்போம். அவருக்குக் கேள்வி வந்தது: இது தற்செயலா, இல்லை எல்லா இடத்திலும் இப்படித்தானா?

2000 நவம்பரில் இருந்து 2002 ஆகஸ்ட் வரை இருவரும் ஈபே போன்ற இடங்களில் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கினார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. ஒழுங்காக முழுவதும் அழிக்கப்பட்டவை எத்தனை தெரியுமா? வெறும் 12. பத்தில் ஒன்று கூட இல்லை. மீதியில் இருந்து 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவத் தகவல்கள், காதல் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஒரு டிஸ்க் இல்லினாய் மாநிலத்து ஏ.டி.எம். இயந்திரம் ஒன்றில் இருந்து கழற்றியது. அதில் ஒரு வருடத்துப் பணப் பரிமாற்றங்கள் இருந்தன.

2003 ஜனவரியில் கட்டுரை வெளியானது. அதில் முக்கியமான விஷயம், விற்றவர்களில் பலர் அழிக்க முயற்சி செய்திருந்தார்கள் என்பதுதான். ஃபார்மேட் கூட போட்டிருந்தார்கள். அந்தக் கால விண்டோஸில் ஃபார்மேட் என்றாலும் புதிய பட்டியல் எழுதப்படும், டிஸ்க் சோதிக்கப்படும், பழைய தகவலின் பெரும் பகுதி அங்கேயே இருக்கும். 2007-ல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில் இருந்துதான் முழு ஃபார்மேட் உண்மையிலேயே பூஜ்யம் எழுத ஆரம்பித்தது. க்விக் ஃபார்மேட் இன்றைக்கும் பெயருக்குத்தான்.

35 தடவை அழித்தவர்கள்

இந்தப் பக்கம் அலட்சியம் என்றால் அந்தப் பக்கம் பயம். 1996-ல் நியூசிலாந்தின் பீட்டர் கட்மன் ஒரு ஆய்வுக் கட்டுரை படித்தார். மேலே எழுதி அழித்தாலும் காந்தத் தடயத்தை நுண்ணோக்கி வைத்துப் படிக்க வாய்ப்பு உண்டு, அதைத் தடுக்க இன்னின்ன மாதிரிகளில் 35 தடவை எழுத வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார். அந்த 35-ம் அன்று இருந்த பலவகை டிஸ்க்குகளுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35-ம் தேவை இல்லை.

ஆனால் ஜனங்கள் கேட்பார்களா? "35 தடவை அழிக்கும்" மென்பொருள்கள் வந்தன. ராத்திரி முழுக்க ஓட விட்டார்கள். பிறகு கட்மனே தன் கட்டுரையில் ஒரு பின்குறிப்பு சேர்த்து, இதைப் பேய் ஓட்டும் மந்திரம் மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று கிண்டல் செய்தார். 2006-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2001-க்குப் பிறகு வந்த டிஸ்க்குகளுக்கு ஒரே ஒரு முறை முழுவதும் மேலெழுதினால் போதும் என்று வழிகாட்டுதலில் எழுதிவிட்டது.

ஒரே முறை. அதைச் செய்யாமல்தான் கோடிக்கணக்கில் பணம் போனது. இரண்டு உதாரணங்கள் மட்டும் சொல்கிறேன்.

பிரைட்டனும் மார்கன் ஸ்டான்லியும்

இங்கிலாந்தின் பிரைட்டனில் அரசு மருத்துவமனை நிர்வாகம் 2010-ல் சுமார் 1,000 ஹார்ட் டிஸ்க்குகளை அழிக்க முடிவு செய்தது. நல்ல முடிவுதான். வேலை ஒப்பந்தத்தில் கைமாறி ஒரு தனி ஆளிடம் வந்தது. அவர் குறைந்தது 252 டிஸ்க்குகளை வெளியே கொண்டுபோய்விட்டார். அவை இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. உள்ளே பல்லாயிரம் நோயாளிகளின் விவரங்கள், எச்.ஐ.வி. மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு உட்பட. விஷயம் முழுதாக வெளியே வந்ததில் ஒரு கல்லூரி மாணவருக்கும் பங்கு உண்டு. அவர் ஏலத்தில் வாங்கிய டிஸ்க்கைப் பற்றி அவருடைய பல்கலைக்கழகம் தகவல் ஆணையத்திடம் சொன்னது. 2012-ல் மருத்துவமனைக்கு 3,25,000 பவுண்டு அபராதம்.

அடுத்தது மார்கன் ஸ்டான்லி. அமெரிக்காவின் மிகப் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்று. 2016-ல் தன் டேட்டா சென்டர்களை மூடியபோது, டிஸ்க்குகளைக் கழிக்கும் வேலையை ஒரு சாமான் மாற்றும் கம்பெனியிடம் கொடுத்தது. வீடு மாறும்போது பீரோ, கட்டில் தூக்குவார்களே, அந்த வகைக் கம்பெனி! டேட்டா அழிப்பதில் அவர்களுக்கு எந்த அனுபவமும் கிடையாது. டிஸ்க்குகள் கைமாறி ஏலத்துக்கு வந்தன. 2017-ல் ஓக்லஹோமாவில் அவற்றை வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் ஆலோசகர், உங்கள் டேட்டா என்னிடம் இருக்கிறது என்று நிறுவனத்துக்கே மெயில் அனுப்பினார். 2020-ல் 6 கோடி டாலர், 2022-ல் இன்னொரு 3.5 கோடி டாலர் அபராதம். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் சுமார் ஒன்றரைக் கோடி பேர்.

இரண்டிலும் தொழில்நுட்பம் தோற்கவில்லை. "கடைசியில் யார் கையில் போகிறது?" என்று யாரும் பின்னாலேயே போய்ப் பார்க்கவில்லை, அதுதான் தவறு.

கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் இருக்கும் என்பது 2010-ல் சி.பி.எஸ். தொலைக்காட்சி நான்கு பழைய மெஷின்களை வாங்கிக் காட்டியபோதுதான் பலருக்குத் தெரிந்தது. ஒன்றில் நோயாளிகளின் மருத்துவப் பதிவுகள், ஒன்றில் போலீஸ் கோப்புகள். (அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் தன் மெஷினை ஒரு மாதிரி பார்த்தார்.)

கப்பல் ஏறும் குப்பை

பணக்கார நாடுகளின் பழைய கம்ப்யூட்டர்கள் பல கப்பல் ஏறி ஏழை நாடுகளுக்குப் போகின்றன. 2009-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் மாணவர்கள் கானா நாட்டுக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். அங்கே செம்புக்காக ஒயர்களை எரிக்கும் சிறுவர்களையும் பார்த்தார்கள், சந்தையில் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினார்கள். சுமார் 40 டாலருக்கு வாங்கிய ஒன்றில் அமெரிக்க ராணுவத் தளவாட நிறுவனமான நார்த்ராப் கிரம்மனின் அரசு ஒப்பந்த ஆவணங்கள் இருந்தன. விஷப் புகை அந்தச் சிறுவர்களுக்கு, ரகசியம் யாருக்கு வேண்டுமானாலும்.

இந்தியாவில் மின்கழிவு விதிகள் முதன்முதலில் 2011-ல் எழுதப்பட்டு 2012 மே 1 முதல் அமலானது. பிறகு 2016-லும் 2022-லும் புதிய விதிகள் வந்தன. அவை ஈயம், பாதரசம், மறுசுழற்சி பற்றிப் பேசுபவை. உள்ளே இருக்கும் தகவலைப் பற்றிய சட்டம் தனி. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், வேலை முடிந்த பிறகு தகவலை அழித்துவிட வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் பழைய இரும்புக் கடையின் தராசுக்கு இரும்பின் எடை மட்டும்தான் தெரியும்.

இப்போது என்ன செய்யலாம்?

சாதா ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதும் ஒரு முறை மேலெழுதினால் போதும். இன்னொரு கம்ப்யூட்டரில் இணைத்து, க்விக் என்ற டிக்கை எடுத்துவிட்டு, முழு ஃபார்மேட் போடுங்கள். எத்தனை பார்ட்டிஷன் இருக்கிறதோ அத்தனைக்கும்.

எஸ்.எஸ்.டி. கதை வேறு. எந்த இடத்தில் எழுதுவது என்று அது தானாக மாற்றி மாற்றி முடிவு செய்யும். அதனால் மேலெழுதினாலும் மூலையில் பழையது தங்கலாம். 2011-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் சோதித்தபோது, "அழித்துவிட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டு எதையுமே அழிக்காத டிரைவ் கூட இருந்தது! இதற்கு நல்ல வழி, வாங்கிய முதல் நாளே குறியாக்கத்தை ஆன் செய்து வைப்பது. தகவல் எல்லாம் பூட்டிய நிலையிலேயே எழுதப்படும். விற்கும்போது சாவியை அழித்தால் போதும், மீதி வெறும் குப்பை. இன்றைய போன்கள் இந்த முறையில்தான் வேலை செய்கின்றன.

ஓடாத டிஸ்க் என்றால் டிரில்லிங் மெஷின் அல்லது சுத்தியல், உள்ளே இருக்கும் தட்டில் படும்படி. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், லேப்டாப் டிஸ்க் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது. தயவு செய்து போகித் தீயில் மட்டும் போடாதீர்கள்.

அப்பாவின் டிஸ்க்

மறுநாள் காலை, தெருவெல்லாம் புகையாக இருக்கும்போதே, நான் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். எங்கள் கேபினட் வெளியே காலியாகக் கிடந்தது. உள்ளே ஒரு பழைய பால் டிரேயில் ஹார்ட் டிஸ்க்குகள் அடுக்கியிருந்தன. அப்பா ஒட்டிய கடை ஸ்டிக்கரை வைத்துக் கண்டுபிடித்தேன். "எதுக்கு தம்பி இது?" என்று கேட்டுவிட்டு 150 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பில் இணைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு மீட்பு மென்பொருளை ஓட விட்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஃபைல் பெயர்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. அப்பா எல்லாவற்றையும் ஆளின் பெயரிலேயே சேமித்துவைப்பார். பெயர், பக்கத்தில் ஆதார். பெயர், பக்கத்தில் சாதிச் சான்றிதழ். பாஸ்புக். ஜாதகம். டைவர்ஸ் கேஸ் மனு. எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் மொத்தமாக அங்கே இருந்தது. எதையும் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை.

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நம்மை நம்பிக் குடுத்ததுடா இதெல்லாம்" என்றார்.

அன்றைக்கே முழுவதும் பூஜ்யம் எழுதினோம். முடிய மத்தியானம் ஆகிவிட்டது. அதன் பிறகும் மனசு கேட்காமல் அப்பா டிரில்லிங் மெஷினை எடுத்து நாலு ஓட்டை போட்டார். தேவை இல்லை என்று நிஸ்ட் சொல்கிறது, ஆனால் நான் தடுக்கவில்லை. இப்போது கடையில் ஸ்கேன் செய்த ஃபைல்களை வாரம் ஒரு முறை ஒழுங்காக அழிக்கிறார், புது கம்ப்யூட்டரில் குறியாக்கமும் போட்டாயிற்று.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்தப் பால் டிரேயில் எங்களுடையது போக இன்னும் இருபது டிஸ்க்குகளாவது இருந்தன.